அப்பா வேலையில்லாதவர் ஆன நாள்

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு மாசி மாதத்தில் நடந்தது இது. அப்போது நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் முதலாமாண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர், நாகர்கோவிலில் இருந்து இராஜாக்கமங்கலம் போகிற வழியில் இருக்கிறது. ரோட்டின் ஒரு பக்கம் வயல், மறு பக்கம் தென்னையும் வாழையும். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வீடு.

பொருளாதாரம் நான் ஆசைப்பட்டு எடுத்த பாடம் இல்லை. கேட்ட பாடம் கிடைக்கவில்லை, இது கிடைத்தது. முதல் செமஸ்டர் முழுக்க வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கழித்தேன். எங்கள் வகுப்பு இரண்டாவது மாடியில். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் மலை தெரியும். மத்தியானச் சாப்பாடு முடிந்த முதல் பீரியடில் மலை மேல் மேகம் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் ஒரு மயக்கம் வரும். அந்த மயக்கத்தில்தான் இரண்டாம் செமஸ்டரின் பேரியல் பொருளாதாரம், அதாவது நாட்டையே ஒன்றாக எண்ணிப் பார்க்கிற பாடம், எனக்குள் வந்து சேர்ந்தது.

பாடம் எடுத்த மேடம் எங்களைவிட ஆறேழு வயது மூத்தவர், அவ்வளவுதான். சத்தம் போட்டுப் பேச மாட்டார். முதல் நாள் வந்ததும் கரும்பலகையில் ஒரு குளம் வரைந்தார். "இன்னைக்குக் குளத்துல எவ்வளவு தண்ணி கெடக்கு, அது இருப்பு. மடை வழியா ஒரு மணி நேரத்துல எவ்வளவு வெளிய போகுது, அது ஓட்டம். இந்த ரெண்டையும் குழப்பாம இருந்தா பாதிப் பாடம் முடிஞ்சுது" என்றார். எனக்கு அது பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு வீடுகள், தொழில்கள், இரண்டுக்கும் நடுவே வட்டமாக ஓடும் அம்புக்குறிகள். வீட்டில் இருந்து உழைப்பு போகிறது, தொழிலில் இருந்து கூலி வருகிறது, கூலி திரும்பவும் கடைக்குப் போகிறது. பஸ்ஸில் வரும்போது நான் அந்த அம்புக்குறிகளை எல்லா இடத்திலும் பார்க்க ஆரம்பித்தேன். கோட்டாற்றுக் கடைத்தெருவில் மூட்டை இறக்குகிறவர், பூ வாங்குகிற பெண், மீன் பெட்டியோடு ஏறுகிற அக்கா, எல்லோரும் ஒரு பெரிய வட்டத்தில் மெதுவாகச் சுழல்கிற மாதிரி இருக்கும். முகங்கள் மறைந்து ஓட்டம் மட்டும் தெரியும். அழகான கனவு அது.

அந்தக் கனவு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றுவிடும். ஏனென்றால் உள்ளே அப்பா இருந்தார்.

அப்பா பத்தொன்பது வருடம் வளைகுடாவில் இருந்தவர். அங்கே ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். நான் பிறந்ததில் இருந்து அவர் எனக்கு விடுமுறைக்கு வருகிறவர்தான். பெட்டி திறந்தால் சோப்பு வாசனை வரும், நாற்பத்தைந்து நாள் வீடு கலகலப்பாக இருக்கும், பிறகு போய்விடுவார். நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அப்பா ஒரேயடியாக ஊருக்கு வந்தார். முதல் சில மாதம் வேலை தேடி அலைந்தார். அதற்குப் பிறகு ஒரு நாள் தேடுவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்டத்தைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் சில நேரம் திரும்புவார், பல நேரம் திரும்ப மாட்டார். கேட்ட கேள்விக்கு ஒன்று "ம்" என்பார், இல்லையென்றால் சம்பந்தமில்லாமல் ஏதாவது சொல்வார். "அரிசி தீர்ந்து போச்சு" என்று அம்மா சொன்னால் "ஆமா, வெயில் கூடுதல்தான்" என்பார். டிவி பார்ப்பதை விட்டார். போன் அடித்தால் எடுத்து அம்மா கையில் கொடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்துகொண்டிருந்தவர் அதையும் நிறுத்தினார். சபையில் கேட்டவர்களுக்கு அம்மா என்ன பதில் சொல்வது?

அம்மா அங்கன்வாடியில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் களைத்து வந்ததும் அடுக்களையில் நின்றபடியே சொல்வார், "ஏட்டி, உனக்க அப்பாவ சாயா குடிக்க விளி. எனக்கு விளிச்சு விளிச்சுத் தொண்டை வத்திப் போச்சு."

நான் போய் அவர் பின்னால் நின்று, "அப்பா, சாயா" என்பேன். திரும்ப மாட்டார். டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். இவருக்கு எங்கள் மேல் பாசம் இல்லை, வெளிநாட்டிலேயே மனசை விட்டுவிட்டு வந்துவிட்டார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். கோபம்கூட இல்லை. வீட்டில் ஒரு பொருள் ஓடவில்லை என்றால் அதை ஒதுக்கிவைத்துப் பழகிக்கொள்வோம் இல்லையா, அப்படி.

கல்லூரியில் பக்கத்து இருக்கைத் தோழி ஒருநாள் கேட்டாள், "உனக்க அப்பா என்ன செய்யாங்க?"

"கல்ஃப்ல இருக்காங்க" என்றேன். நாக்கு தடுமாறவே இல்லை. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதே பதில்தான்.

மாசி மாதம் வேலையின்மை என்ற பாடம் வந்தது. வயல்களில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. பஸ் ஜன்னல் வழியாக வைக்கோல் தூசி பொன்னிறமாக உள்ளே வரும். வேலை இல்லாதவர் எல்லோரும் வேலையில்லாதவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மேடம் அன்று வேறு மாதிரி சொன்னார். ஒருவர் வேலை செய்யவில்லை, ஆனால் தேடுகிறார் என்றால்தான் அவர் வேலையில்லாதவர். தேடுவதை விட்டுவிட்டால் அவர் அந்தக் கணக்கில் வர மாட்டார். வேலையில் இருப்பவர், வேலையில்லாதவர் என்ற இரண்டுக்கும் வெளியே போய்விடுவார். தேடித் தேடிக் களைத்து நிறுத்தியவர்களை மனம் தளர்ந்த தொழிலாளர் என்பார்கள்.

எனக்கு முதலில் ஒரு அசட்டு சந்தோஷம் வந்தது. அப்படியென்றால் எங்கள் அப்பா வேலையில்லாதவர் இல்லை! நான் சொன்ன பொய் பாதி உண்மையாகிவிட்ட மாதிரி இருந்தது. பிறகு ஜன்னலைப் பார்த்தேன். மலை முழுக்க மேகத்துக்குள் போயிருந்தது. கையை உயர்த்தியது எனக்கே தெரியாது. வகுப்பில் அதுவரை கேள்வி கேட்காதவள் நான்.

"மேடம், அப்போ அவங்க எங்க இருக்காங்க?"

"ஆரு?"

"தேடாதவங்க."

மேடம் கொஞ்சம் யோசித்தார். "கணக்குக்கு வெளிய இருக்காங்க. வீட்டுலதான் இருப்பாங்க, இல்லியா?" என்றார். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அந்த வாரமே ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொருவரும் அவரவர் தெருவில் பத்து வீடு போக வேண்டும், அதில் ஒன்று சொந்த வீடாக இருக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் ஐந்து கேள்வி. கேட்பதற்கும் விதிகள் வைத்தார். எதிரே, முகத்துக்கு நேராக உட்கார வேண்டும். தாளில் எழுதியிருப்பதை அப்படியே, மெதுவாக, தெளிவாகக் கேட்க வேண்டும். பதிலை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர்கள் பேசாமல் இருந்தால் காத்திருக்க வேண்டும். "நீங்க காத்திருக்கறதுக்குத்தான் நான் மார்க் போடப்போறேன்" என்றார்.

ஒன்பது வீடு நன்றாகப் போனது. நான் பிறந்து வளர்ந்த தெருதான், ஆனால் முதல்முறையாக அதற்குள் போகிற மாதிரி இருந்தது. ஒருவர் தன் வேலையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். ஒரு வீட்டில் பலா அறுத்துக் கொடுத்தார்கள், தாளில் பிசின் ஒட்டிக்கொண்டது. ஒரு அக்கா பத்து வருடமாகத் தையல் வேலை செய்கிறார், ஆனால் "நான் வேலைக்குப் போகல்லியே" என்று சாதித்தார். அவருக்கு நேரே உட்கார்ந்து, அடுத்த கேள்வியையும் கேட்டுக் காத்திருந்த பிறகுதான், "ஆமா, அதுவும் வேலைதான்" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

பத்தாவது வீட்டுக்கு நான் போகவில்லை. திங்கட்கிழமை காலை பஸ்ஸில், மடியில் வைத்தே எங்கள் வீட்டுத் தாளை நிரப்பினேன். அம்மா வேலையில் இருக்கிறார். அப்பா வேலையில் இருக்கிறார். மற்ற கேள்விகள் பொருந்தாது.

மேடம் ஒவ்வொருவரையும் பக்கத்தில் நிற்க வைத்து, அவரவர் தாள்கட்டைப் பார்த்தார். என் தாள்களைப் புரட்டினார். ஒன்பதும் கசங்கியிருந்தது. அடித்தல், திருத்தல், ஓரத்தில் குறிப்பு, பலாப் பிசின். பத்தாவதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது மட்டும் ரொம்பச் சுத்தமா இருக்கே" என்றார்.

என் முகம் சூடாகிறது என்று எனக்கே தெரிந்தது. அவர் அந்தத் தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, புதிதாக ஒரு வெற்றுத் தாள் தந்தார். "சனிக்கிழமை லீவுதானே. கேட்டு எழுதிட்டு வா."

சனிக்கிழமை மத்தியானம். அம்மா அடுக்களையில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தார். அப்பா வழக்கம் போலப் பின்னால் உட்கார்ந்திருந்தார். காற்று வந்துகொண்டே இருந்தது, வாழை இலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன. வயல் பக்கம் அறுவடை மிஷின் ஓடுகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. வீட்டுக்குள் இருந்து இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். வாழைத்தோட்டத்துக்கும் அவருக்கும் நடுவில் போட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். அவர் ஆச்சரியத்தோடு பார்த்தார். இரண்டு வருடத்தில் அவ்வளவு பக்கத்தில் அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. மீசையில் பாதி நரைத்திருந்தது.

"காலேஜுக்கு ஒரு கேள்வித்தாள் இருக்குப்பா. அஞ்சு கேள்விதான்" என்றேன்.

"கேளு மக்கா" என்றார் உடனே.

அந்த உடனே என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. தாளைப் பார்த்துப் படித்துவிட்டு, நிமிர்ந்து, மெதுவாகக் கேட்டேன்.

"கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரமாவது ஏதாவது வேலை செய்தீர்களா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன மக்கா, ரேடியோவுல நியூஸ் வாசிக்கிய மாதிரி கேக்கிய?"

"இப்படித்தான் கேக்கணும்னு சொல்லியிருக்காங்க."

அவர் யோசித்தார். "செவ்வாக்கிழமை மேல வீட்டு மோட்டார் நின்னு போச்சுன்னு கழத்தி மாட்டிக் குடுத்தேன். அது வேலையா?"

தாளில் அடுத்த கேள்வியே அதுதான். "அதற்குக் கூலி வாங்கினீர்களா?"

"அதுக்கெல்லாம் ஆரு மக்கா பைசா வாங்குவா? ஒரு சாயா தந்தாங்க."

"அப்போ வராதுப்பா."

"அப்போ இல்லன்னு எழுது" என்றார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வேலை தேடினீர்களா?"

சிரிப்பு போய்விட்டது. "இல்ல" என்றார்.

அடுத்த கேள்வியை அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தலையைக் குனிந்து, எழுதுகிற மாதிரி பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு கேட்டேன். "தேடவில்லை என்றால், காரணம் என்ன?"

பதில் இல்லை. எனக்குப் பழக்கமான அதே மௌனம். மற்ற நாளாக இருந்தால் எழுந்து போயிருப்பேன். ஆனால் காத்திருக்க வேண்டும் என்பது விதி, அதற்குத்தான் மார்க். குனிந்தபடியே காத்திருந்தேன். இலைகள் உரசின. மிஷின் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. அடுக்களையில் இருந்து அம்மா, "ஏங்க, அந்தத் தேங்கா இன்னும் ரெண்டு உரிச்சுத் தாங்க" என்று சத்தமாகச் சொன்னார். அதற்கும் பதில் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, அந்த மத்தியானமே அசையாமல் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. கடைசியில் நிமிர்ந்தேன்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகவோ வருத்தமாகவோ இல்லை. ஆவலாக, பொறுமையாக.

"எழுதியாச்சா மக்கா? அடுத்தது என்ன, கேளு" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. கேட்டாயிற்றே. நான் கேட்டாயிற்று என்பதே அவருக்குத் தெரியவில்லை. அம்மா கூப்பிட்டதும் தெரியவில்லை. அவர் கண் என் கண்ணில் இல்லை, என் உதட்டில் இருந்தது.

கையில் இருந்த தாளை மெல்ல உயர்த்தி வாயை மறைத்துக்கொண்டேன். கேட்டேன். "அப்பா, உங்களுக்குக் காது கேக்கல்லியா?"

அவர் தலையைச் சற்றுச் சாய்த்து, புன்னகையோடு காத்திருந்தார். பிறகு தாளுக்கு மேலே தெரிந்த என் கண்களைப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் புன்னகை மெதுவாகக் கலைந்தது. நான் தாளை இறக்கினேன். வேறெதுவும் கேட்கத் தேவை இருக்கவில்லை.

"அம்மைட்ட சொல்லாத" என்றார் முதலில்.

பிறகு அவராகவே சொன்னார். இரண்டு வருடம் பேசாததை அந்தக் கொஞ்ச நேரத்தில் பேசினார். கிடங்கில் கம்ப்ரஸர்களுக்கு நடுவில் பத்தொன்பது வருடம். இடது காது அங்கேயே போய்விட்டது. வலது காதும் போய்க்கொண்டிருப்பது ஊருக்கு வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கடற்கரைப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலைக்கு எடுக்கலாமா என்று பார்க்க ஒரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஐஸ் உறைய வைக்கிற பெரிய டின்களைத் தூக்குகிற சங்கிலி மிஷினை இயக்க அவரை விட்டிருக்கிறார்கள். பின்னால் வேலை செய்த ஒருவருடைய கை டின்னுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அவர் கத்தினார், சுற்றி இருந்தவர்கள் கத்தினார்கள். அப்பா திரும்பாமல் சுவிட்சை அழுத்திக்கொண்டே நின்றார். யாரோ ஓடி வந்து அவரைத் தள்ளிவிட்டு மிஷினை நிறுத்தினார்கள்.

"ஒரு விரல் நசுங்கினதோட போச்சு. இல்லன்னா அவனுக்க கையே போயிருக்கும்" என்றார். "எல்லாரும் என்னைத் திட்டினாங்க. அதுவும் எனக்குக் கேக்கல்ல மக்கா. வாய் அசையிது, அவ்வளவுதான். காது கேக்காதவன ஆரு மிஷின் பக்கம் விடுவா? மிஷின் இல்லாம எனக்கு என்ன தெரியும்? அதோட நிறுத்தினேன்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா நீங்க சத்தம் போட்டுப் பேசுவிய. தெருவுக்கே தெரியும்" என்றார். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் பேசியது எனக்குத் தூரத்துல கடல் எரையிற மாதிரி இருக்கும். நல்லாத்தான் இருக்கும். என்னன்னு மட்டும் தெரியாது" என்றார்.

நான் அழுதேன். அவர் என் கையில் இருந்த தாளைச் சுட்டிக்காட்டினார். "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே."

இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்துக்கு நேராக, தாளில் இருந்தபடியே கேட்டேன். "வேலை கிடைத்தால் செய்யத் தயாரா?"

இந்த முறை நான் தலையைக் குனியவில்லை. அவர் வாழைத்தோட்டத்தைப் பார்த்தார், தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தயார்னு எழுது மக்கா."

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. சொன்னதும் அம்மா தேங்காய் அரைத்த கையோடு வந்து அவர் எதிரே நின்றார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அப்போ ரெண்டு வருஷமா நான் திட்டினது ஒண்ணும் உங்களுக்குக் கேக்கல்லியா?" என்றார்.

"கொஞ்சம் கேட்டுது" என்றார் அப்பா.

அம்மா சிரித்துக்கொண்டே அழுததை அன்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை அந்தத் தாளை மேடத்திடம் கொடுத்தேன். அதிலும் இப்போது அடித்தல் திருத்தல் இருந்தது, ஓரத்தில் நனைந்து மை பரவியிருந்தது. படித்துவிட்டு என் தோளில் ஒரு முறை கை வைத்தார். பிறகு வகுப்பில் எல்லோருடைய தாள்களையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். வேலை தேடாதவர்கள், அதாவது கணக்குக்கு வெளியே இருப்பவர்களில், ஐந்தாவது கேள்விக்குத் தயார் என்று சொன்னவர்கள் உங்கள் தாளில் இருந்தால் கை தூக்குங்கள் என்றார். ஒரு கை, இரண்டு கை, பிறகு வரிசை வரிசையாகக் கைகள். மேடம் எண்ணவில்லை, சாக்பீஸைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். நான் கை தூக்கியதோடு எழுந்தும் நின்றுவிட்டேன்.

"எனக்க தாள்ல இருக்கவங்க எனக்க அப்பா" என்றேன். "கல்ஃப்ல இருக்காங்கன்னு எல்லார்ட்டயும் பொய் சொல்லிட்டேன். வீட்டுலதான் இருக்காங்க."

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த தோழி என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "எனக்க அண்ணனும் இந்தத் தாள்லதான் இருக்கு" என்று காதருகில் சொன்னாள்.

அடுத்த மாதம் அப்பாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பரிசோதனை, இரண்டு மூன்று அலைச்சல், பிறகு ஒரு முகாமில் காதுக் கருவி கிடைத்தது. அதை மாட்டிக்கொண்டு வெளியே வந்த அன்று, ஒரு சாமான் வாங்கக் கோட்டாற்றில் இறங்கினோம். கடைத்தெருவில் வண்டிகளின் ஹாரனும், விலை கூறுகிற குரல்களும், பள்ளிவாசலின் பாங்கோசையும் ஒன்றாகக் கலந்து வந்துகொண்டிருந்தன. எனக்கே தலைவலி வருகிற சத்தம். அப்பா நடுத்தெருவில் நின்றுவிட்டார். பிறகு நாலடி நடந்தார், நின்றார், மறுபடி நாலடி நடந்தார்.

"என்னப்பா?"

"எனக்க செருப்புக்குச் சத்தம் உண்டு, கேட்டியா?" என்றார். அந்த இரைச்சல் நடுவே அவர் தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஏதோ தண்ணீரில் நடக்கிறவரைப் போல, மெதுவாக என் பக்கத்தில் நடந்து வந்தார்.

மறுநாளே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வேலை தேடக் கிளம்பினார். முதலில் அதே ஐஸ் கம்பெனிக்குத்தான் போனார். விரல் நசுங்கினவரைப் பார்த்து, நடந்தது என்ன என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவர், "அன்னைக்கே சொல்லியிருந்தா இவ்வளவு நாள் உங்களத் திட்டியிருக்க மாட்டேன் அண்ணே" என்றாராம். முதலாளி மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் மிஷின் சத்தம் உள்ள இடம் இனி உங்களுக்கு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். வேறு இரண்டு இடங்களிலும் இல்லை என்றுதான் பதில். எனக்குப் பயமாக இருந்தது, மறுபடியும் நாற்காலிக்குத் திரும்பிவிடுவாரோ என்று. திரும்பவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் எங்கே போனேன், யார் என்ன சொன்னார்கள் என்று சொல்வார். இல்லை என்று சொன்னவர்களின் குரலைக்கூட அவர் ரசித்துச் சொல்வார்.

அப்படித் தேடி அலைந்தது மூன்று மாதம். அந்த நாட்களில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று எனக்கு ஒன்று உறைத்தது. அப்பா இப்போது வேலை தேடுகிறார். அப்படியென்றால் கணக்குக்குள் திரும்பி வந்துவிட்டார். யாராவது இப்போது எங்கள் வீட்டுக்கு வந்து எண்ணினால் நாட்டில் வேலையில்லாதவர்களின் எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கும். செய்தித்தாளில் அந்த விகிதம் கூடினால் எல்லோரும் கவலைப்படுவார்கள். அந்தக் கூடுதலில் ஒரு துளி எங்கள் அப்பா என்று நினைத்து நான் புத்தகத்தை மூடிவைத்துச் சிரித்தேன். தோழிக்குப் போன் செய்து, "எனக்க அப்பா வேலையில்லாதவர் ஆயாச்சுட்டி!" என்றேன். அவளுக்கு மட்டும்தான் அது புரிந்தது. "எனக்க அண்ணனும் நேத்து ஒரு இடத்துல போய்க் கேட்டிருக்கு" என்றாள்.

மூன்றாம் மாதக் கடைசியில் கோட்டாற்றில் ஒரு கடையில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. ஐஸ்கிரீம் பெட்டிகளும் கடைகளின் பிரிட்ஜுகளும் பழுது பார்க்கிற இடம். தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை, பெரிய சத்தம் இல்லை. வளைகுடாவில் பார்த்த வேலையோடு ஒப்பிட்டால் சின்னதுதான். ஆனால் இன்றைக்கும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முன் வரிசையில் உட்காருகிறார், அம்மா திட்டும்போது மட்டும் கருவியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்கிறார்.

நான் முதுகலை முடித்துவிட்டேன். கோடிக்கணக்கான மனிதர்களை ஒரே எண்ணாகச் சுருக்குகிற அட்டவணைகளோடுதான் என் வேலையும். அந்த எண்களின் மயக்கம் எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனாலும் ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ் இருந்த மனிதரின் எதிரே உட்கார்ந்து ஐந்து கேள்வி கேட்க எனக்கு இரண்டு வருடமும் ஒரு கல்லூரிப் பாடமும் தேவைப்பட்டன என்று நினைக்கும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கேட்டுவிட்டேன், பதில் வரும்வரை எழுந்து போகாமல் இருந்தேன் என்பது ஒன்றுதான் அந்த வெட்கத்துக்கு நடுவே நான் பிடித்துக்கொள்கிற ஆறுதல்.